நான்காவது காலுக்குக் கீழே

எங்கள் முதலாளி அந்த மெஷினை மோந்து பார்த்து வாங்கினார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைகிற நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. நெல்லை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய், ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிட்டுக் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷெட் வாங்கி இரும்புத் தொழிலில் இறங்கியபோது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார், மூக்கைத் தவிர. கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் மூலையில், கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைக் குடைகிற அந்த சிஎன்சி மில்லிங் மெஷின் நின்றிருந்ததாம். புரோக்கர் முந்தின நாள்தான் அதற்குப் பெயின்ட் அடித்திருக்கிறான். இவர் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு, புது வாசனையே இன்னும் போகவில்லை என்று சந்தோஷப்பட்டுக் கையைக் குலுக்கிவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஷெட்டில் நான் சூப்பர்வைசர். இருபத்தாறு வருஷமாக இரும்பை அளந்து பிழைக்கிறவன். மெஷின் பார்க்கப் போகும்போது என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நீ வந்தா குத்தம் கண்டுபுடிப்பே நைனா," என்றார்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. சோழவரத்திலிருந்து தினமும் பைக்கில் வந்து இந்த மனிதரிடம் வேலை பார்க்கிறோமே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் அரைகுறைகள், நான் ஒருவன்தான் வேலை தெரிந்தவன் என்பது ரொம்ப நாளாக எனக்குள் இருந்த முடிவு. தினமும் யாராவது ஒருத்தர் அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஆடி மாதம் போகட்டும் என்று காத்திருந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் மெஷின் வந்து இறங்கியது. நாலு டன் எடை. ஹைட்ரா கிரேன் அதைத் தொட்டில் மாதிரி தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தது. அப்போதுதான் முதலாளியின் மனைவி பித்தளைத் தட்டில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்குக் கீழே பழம் வைத்து ஏற்றுவோம் இல்லையா, அதுபோல இதற்கும் வைக்க வேண்டும் என்றார். வண்டிக்குச் சக்கரம் உண்டு, அது உருண்டு போய்விடும். இது ஒரு இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இதை யார் அந்த அம்மாவுக்கு விளக்குவது? கிரேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

நான்தான் வழி சொன்னேன். மெஷினின் நான்கு காலுக்குக் கீழேயும் ஒவ்வொரு பழம் வைப்போம், கிரேன் மெதுவாக இறக்கட்டும், பழம் நசுங்கியதும் ஒரு அங்குலம் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டு மறுபடி இறக்குவோம். சாமிக்கும் ஆயிற்று, இரும்புக்கும் ஆயிற்று. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு சிக்கலை எல்லார் முன்னாலும் அவிழ்த்துக் காட்டுவதில் இருக்கிற பெருமையை நான் எப்போதும் விட்டுக்கொடுத்ததில்லை. பழம் நசுங்கியது, சாறு தெறித்தது, அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். துடைத்தோம், இறக்கினோம். ஸ்பிரிட் லெவல் வைத்து நான்கு காலின் போல்ட்டையும் திருகி நானே மட்டம் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் வந்து நின்றது.

மெஷினை ஓட்ட ஒரு பெண்ணை எடுத்தார்கள். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாள். அவள் தாத்தா காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா ஆவடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். இவள் டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு இடத்தில் சிஎன்சி ஓட்டியிருந்தாள். வேலை கொடுக்கும்போதே முதலாளி என்னிடம், "பொம்பளப் புள்ள, நாலு டன் மெஷினு, பாத்துக்கோ" என்றார். அவள் மெஷினைத் தூக்கவா போகிறாள்? பொத்தானை அழுத்தப் போகிறாள். அந்த விஷயத்தில் முதலாளியை விட நான் மேல் என்று நினைத்தேன். அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று பாருங்கள்.

வேலை சிக்கலானதில்லை. பம்ப்பின் வாயை மூடுகிற இரும்புத் தட்டு. அதில் சுற்றிலும் ஆறு துளை. மெஷினின் மேஜை மேல் இடது பக்கம் ஒரு வைஸ், வலது பக்கம் ஒரு வைஸ், இரண்டும் இரும்புப் பிடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டைக் கடிக்கவைத்துப் பொத்தானை அழுத்தினால், மேஜை நகர்ந்து நகர்ந்து நிற்கும், மேலே இருந்து ட்ரில் இறங்கித் துளை போடும். துளை சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். அரை முடி கனம் தப்பினால்கூடப் பம்ப் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

தீபாவளி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. முதலாளி தன் மூக்கைத் தானே தடவிக்கொண்டு நடமாடினார். தீபாவளி லீவு முடிந்து வந்த வாரத்தில் தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாம் அல்ல. பத்துத் தட்டில் இரண்டு, சில நாள் மூன்று. துளை அறுபது மைக்ரான், எழுபது மைக்ரான் தள்ளி இருந்தது. தலைமுடி கனம்.

முதலில் மெஷினைத்தான் பார்த்தேன், அந்த மட்டுக்கும் நான் யோக்கியன். என்னிடம் ஒரு டயல் கேஜ் இருக்கிறது. நீல வெல்வெட் வைத்த பெட்டியில் பூட்டி வைத்திருப்பேன். யாரையும் தொட விடமாட்டேன். அதைக் காந்தக் காலில் நிறுத்தி, முள்ளை மேஜையின் நடுவில் வைத்த ஒரு கட்டையில் முட்டவைத்து, கைச்சக்கரத்தால் மெதுவாக மேஜையை நகர்த்தினேன். போகும்போது எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று முள் காட்டும். பத்து மைக்ரான்கூடத் தப்பவில்லை. பழைய மெஷின் இவ்வளவு சுத்தமாகக் காட்டுகிறதே என்று எனக்குச் சந்தேகம். கன்ட்ரோல் பெட்டிக்குள் போய்ப் பார்த்தால், மேஜையை நகர்த்துகிற ஸ்க்ரூ தேய்ந்து ஆட்டம் கண்டிருப்பதை மறைக்கப் பெரிய எண் ஒன்றைப் போட்டு ஈடுகட்டி வைத்திருந்தான் புரோக்கர். கிழவனுக்குத் தலைக்குச் சாயம் பூசிய கதை. "பாத்தீங்களா சார்" என்று முதலாளியிடம் காட்டினேன். எனக்கு அன்று இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அம்பத்தூரிலிருந்து ஒரு சர்வீஸ் எஞ்சினியரை வரவழைத்தார் முதலாளி. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. வந்ததும் நாஷ்டா எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சாப்பிட்டு வந்து லேப்டாப்பை மாட்டி அரைமணி நேரம் திரையைப் பார்த்தார். மெஷினை ஒரு தடவைகூடத் தொடவில்லை. எதற்கு, கை அழுக்காகிவிடும். கடைசியில் ஸ்க்ரூவை மாற்ற வேண்டும், மாற்றினாலும் சொல்ல முடியாது, எலக்ட்ரானிக் போர்டாகவும் இருக்கலாம் என்றார். வயிற்றுவலி என்று போனவனிடம் வயிறாக இருக்கலாம், தலையாகவும் இருக்கலாம் என்று சொல்கிற வைத்தியம். அவர் போன பிறகு நானே மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங்கைக் கழற்றி இறுக்கினேன். தேய்மானத்தை அளந்து சரியான எண்ணைப் போட்டேன். டயல் கேஜ் மறுபடியும் சுத்தம் என்றது.

தட்டுகள் மறுபடியும் திரும்பி வந்தன.

அந்தப் பெண் ஒருநாள் காலை நான் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம்.

"சார், ரெண்டு வாரமா எழுதிக்கினு வரேன். லெஃப்ட் வைஸ்ல போட்டது ஒண்ணுகூட ரிஜக்ட் ஆவல. எல்லாம் ரைட் வைஸ்ல போட்டதுதான்."

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஒரு வைஸில் மட்டும் தப்பு வருகிறது என்றால் அது மெஷினின் தப்பு இல்லை. தட்டுக்குக் கீழே இரும்புத்தூள் மாட்டியிருக்கும். துடைக்காமல் மாட்டியிருப்பாள்.

"வைஸை ஒழுங்கா தொடச்சிட்டு மாட்டுறியா நீ?"

"தொடைக்கிறேன் சார். ஏர் அடிச்சிட்டுத்தான் மாட்டுறேன்."

"அப்ப ஏன் ஒரு பக்கம் மட்டும் வருது?"

"அதான் சார் கேக்கறேன். ரெண்டு வைஸையும் மாத்திப் போட்டுப் பாக்கலாமா?"

அவள் சொல்லி நான் செய்வதா என்று இருந்தது. இருந்தாலும் செய்தேன், அவள் வாயை அடைக்கலாம் என்று. இடது வைஸைக் கழற்றி வலது பக்கமும், வலது வைஸை இடது பக்கமும் வைத்தோம். சாயங்காலம் பார்த்தால் தப்பு வலது பக்கத்திலேயே இருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் நின்று யோசித்திருப்பான். வைஸ் மாறியும் தப்பு மாறவில்லை என்றால் தப்பு வைஸிலும் இல்லை, துடைப்பதிலும் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வைஸ் மாறினா இன்னா, மாட்டுற கை அதே கைதானே."

அவள் முகம் கறுத்துப் போனது.

ரிஜக்ஷன் நோட்டு ஒன்று உண்டு. திரும்பி வந்த தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, கடைசிக் கட்டத்தில் காரணம். அன்று சாயங்காலம் முதல் வரியில் 'ஆப்பரேட்டர் தவறு' என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியிலிருந்து இரண்டு சின்னக் கோடு, டிட்டோ, மேலே உள்ளதேதான் என்று. ஒருத்தியின் மேல் பழி போடுவதற்குக்கூட ஒரு தடவைக்கு மேல் முழுதாக எழுத எனக்குச் சோம்பலாக இருந்தது. அடுத்து வந்த நாட்களிலும் அதே டிட்டோ, பக்கம் திருப்பியும் டிட்டோ.

இரண்டு நாள் கழித்து அவள் இன்னொன்று செய்தாள். தன்னுடைய சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மெஷினின் அடிப்பாகத்தில் இருக்கும் திட்டில் வைத்தாள். மெஷினை ஓட்டினாள். மேஜை இடது கோடிக்கு வேகமாகப் போய் நின்றபோது டம்ளரிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலது பக்கம் போனபோது வழியவில்லை.

"சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்கோ. மெஷின் ஆடுது."

நான் போனேன். தண்ணீரைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தேன்.

"இது இன்னா டீக்கடையா? மெஷின் மேல டம்ளர் வச்சிக்கினு இருக்கே. எடும்மா மொதல்ல."

"சார், அந்தப் பக்கம் போறப்ப மட்டும்..."

"எடுன்னா எடு."

எடுத்தாள். இதை எழுதும்போது எனக்கு அந்த டம்ளர் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் காட்டியது அத்தனையும் சரி. வலது பக்கத்து வைஸ் ட்ரில்லுக்கு நேராக வர வேண்டுமானால் மேஜை இடது பக்கம் போயாக வேண்டும். மேஜையின் கனமெல்லாம் அப்போது இடது பக்கக் காலின் மேல் இறங்கும். அந்தப் பக்கத்தில் ஒரு கால் சரியாக ஊன்றவில்லை என்றால் மெஷின் குலுங்கும். குலுங்கி அடங்குவதற்குள் ட்ரில் இறங்கிவிடும். என் டயல் கேஜில் இது ஏன் தெரியவில்லை? நான் மேஜையின் நடுவில் மட்டும் வைத்து, கையால் மெதுவாக நகர்த்தி அளந்தேன். மெதுவாகப் போனால் எந்த மெஷினும் யோக்கியன்தான். வெல்வெட் பெட்டி வைத்திருந்த எனக்கு இது தோன்றவில்லை, டம்ளர் வைத்திருந்தவளுக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை பம்ப் கம்பெனிக்காரன் போனில் கத்திவிட்டான். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆர்டரே கிடையாது என்று. முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிமிர்ந்துகூட உட்காரவில்லை, நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

"பேஜாரா கீது நைனா. மெஷினா, ஆளா? ஒரே வார்த்தையில சொல்லு."

மெஷின் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்டுபிடி என்று என்னிடம்தான் சொல்லியிருப்பார். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை.

"ஆளு," என்றேன்.

அவளிடம் போய்ச் சொல்கிற வேலையையும் எனக்கே கொடுத்தார். சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று. அவள் அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்து அதற்கு ஏற்ற பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவையும் டம்ளரையும் பையில் போட்டாள்.

"மெஷின் ஆடுது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்ட மாதிரி வேகமாகப் போனாள்.

திங்கட்கிழமை புது ஆப்பரேட்டர் வந்தான். திருவள்ளூர்க்காரன். வேலை அரை மணி, பேச்சு எட்டு மணி. முதல் நாளே பத்துத் தட்டில் மூன்று போயிற்று, மூன்றும் வலது பக்கம். இவன் கையும் அதே கையா? வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மதியம் மறுபடியும் டயல் கேஜைப் பொருத்திக்கொண்டிருந்தேன். காந்தக் காலை இறுக்குகிற சின்னத் திருகு நழுவிக் கீழே விழுந்து, உருண்டு மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது. பின்னால் சுவர். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருப்பேன், ஆனால் என் டயல் கேஜின் திருகை வேறொருவன் தொடுவதா? தரையில் படுத்து, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

திருகு கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் மெஷினின் இடது பின்னங்கால். காலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தேன். கருகிய இலை மாதிரி வந்தது. மூக்குக்கருகே கொண்டுபோனேன், முதலாளி செய்கிற மாதிரியே. லேசான புளித்த வாசனை இன்னும் இருந்தது.

எலுமிச்சம்பழத் தோல்.

துடைத்தோம் என்று மேலே எழுதினேன். மூன்றைத் துடைத்தோம். நான்காவது கால் சுவரோரம் இருந்தது. என் கை அவ்வளவு தூரம் போகவில்லை. கிரேன் டிரைவர் பைபாஸில் இன்னொரு லோடு காத்திருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். படுத்துத் துடைக்கலாம்தான், வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். "நாலு டன்னு வந்து உக்காரப் போவுது, பழத்தோலு இன்னா பண்ணும்? எறக்குங்க" என்றேன். அது அப்படியே மறந்து போயிற்று. அந்தத் தோலின் மேல் உட்கார்ந்த காலை வைத்துத்தான் மட்டம் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றதென்று மார்தட்டிக்கொண்டேன். மூன்று மாதத்தில் தோல் காய்ந்து, மெஷினிலிருந்து ஒழுகிய எண்ணெய்த் தண்ணீரில் ஊறிப் பிய்ந்து, கால் அந்தரத்தில் நின்றிருக்கிறது. சட்டைப்பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதைக் காலுக்குக் கீழே செருகிப் பார்த்தேன். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று.

புரோக்கரைத் திட்டினேன், எஞ்சினியரைத் திட்டினேன், முதலாளியின் மூக்கைக் கேலி செய்தேன். அவர்களில் ஒருவன்கூட மெஷினைப் பழத்தோலின் மேல் உட்கார வைக்கவில்லை. அதற்கு இருபத்தாறு வருஷ அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது.

சுரண்டி எடுத்தேன். தரையைத் துடைத்துவிட்டு போல்ட்டை இறக்கி, நான்கு காலையும் புதிதாக மட்டம் பார்த்தேன். தோலைக் குப்பைக் கூடையில் போட்டேன். புது ஆப்பரேட்டர், "இன்னா சார் அது?" என்று எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றேன். அன்று மாலை ஐம்பது தட்டு போட்டோம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதலாளி வந்து என் தோளில் தட்டினார். "இன்னா நைனா பண்ணே?"

"லெவல் பண்ணேன் சார்."

"அம்பத்தூர்க்காரன் லேப்டாப்ப வச்சிக்கினு முழிச்சான். நம்ம ஆளு கை வச்சான் பாரு!" என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டம்மா நன்றி செலுத்துவதற்காக மெஷினுக்கு எலுமிச்சம்பழ மாலை கொடுத்தனுப்பினார். கன்ட்ரோல் பெட்டியின் மேல் அதைத் தொங்கவிட்டதும் நான்தான். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாம் என்று தோன்றியதா? தோன்றியது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கூப்பிடவில்லை. எத்தனையோ பேரைக் கேவலமாக நினைத்திருக்கிறேன், அந்த வாரம் என்னை நினைத்த அளவுக்கு யாரையும் நினைத்ததில்லை. நினைத்துக்கொண்டே மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அவளே வந்தாள்.

காலை பதினோரு மணி இருக்கும். நேராக என்னிடம் வரவில்லை, மெஷினிடம் போனாள். பையிலிருந்து அந்தச் சில்வர் டம்ளரை எடுத்து, ஷெட் மூலையில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, விளிம்பு வரைக்கும் ஊற்றி, அதே திட்டில் வைத்தாள். புது ஆப்பரேட்டர் நகர்ந்து நின்றான். அவள் பொத்தானை அழுத்த, மேஜை இடது கோடிக்கு ஓடி நின்றது. தண்ணீர் அசையவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைப் பையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"இப்ப ஆடல," என்றாள்.

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அவளை எடுப்பதாக இருந்தார்களாம். பழைய இடத்தில் விசாரிக்க இங்கே போன் செய்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி மறைக்கத் தெரியாத மனிதர், ரிஜக்ஷன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தே காட்டிவிட்டார். ஆப்பரேட்டர் தவறு, ஆப்பரேட்டர் தவறு, ஆப்பரேட்டர் தவறு. டிட்டோவைக்கூட விடாமல் விரித்துப் படித்திருக்கிறார். கம்பெனிக்காரர்கள் அவளிடம், அந்த நோட்டில் இருப்பது தப்பு என்று நிரூபித்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நாளை வரைக்கும் நேரம்.

"ஒரு நல்ல லெட்டர் எழுதித் தரேம்மா," என்றேன். "கைவேலை சுத்தம், நல்ல பொண்ணுன்னு..."

"எனக்கு நல்ல பொண்ணுன்னு சர்டிபிகேட் வேணாம் சார். நோட்டுல எழுதிக்கிறத மாத்துங்கோ."

நோட்டை எடுத்து வந்தேன். பக்கத்தைப் பிரித்தேன். மேலே என் கையெழுத்தில் முதல் வரி, அதற்குக் கீழே வரிசையாக டிட்டோ. முதல் வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மெஷின் லெவல் கோளாறு' என்று எழுதினேன். அவள் குனிந்து படித்தாள்.

"லெவல் யாரு சார் பாத்தது?"

நான் நோட்டை மூடப் போனேன்.

"நாலாவது காலுக்குக் கீழ பழத்தோலு இருந்துச்சாமே. ரயில்ல நம்ம எஸ்டேட் ஆளுங்க எல்லாரும் பேசிக்கினு வராங்கோ சார். நீங்கோ சுரண்டிக் கூடையில போட்டத அவுரு பாத்துட்டாரு." புது ஆப்பரேட்டரைக் கண்ணால் காட்டினாள். எட்டு மணி நேரப் பேச்சு எங்கே போகும், செவ்வாப்பேட்டை வரைக்கும் போயிருக்கிறது.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "இன்னா பழத்தோலு?" என்றார். "எங்க ஊட்டுக்காரம்மா குடுத்த பழத்தியா சொல்றீங்கோ?"

"பழம் அவங்க குடுத்தது சார். தொடைக்காம வுட்டது நானு," என்றேன். அப்படிச் சொல்லுமளவுக்கு எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஆள் நின்றதால் வேறு வழியில்லாமல் சொன்னேன். முதலாளி, தான் தட்டிக் கொடுத்த அதே தோளைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

லெவல் கோளாறு என்று எழுதியதையும் அடித்தேன். அதற்கு மேல், கொஞ்சம் இடம் இருந்த இடத்தில், 'சூப்பர்வைசர் தவறு' என்று எழுதினேன். ஓரத்தில், நான்காவது காலுக்குக் கீழே எலுமிச்சம்பழத் தோலை விட்டுவிட்டு நான் மட்டம் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனேன், கீழே இருந்த டிட்டோவையெல்லாம் அடித்துவிடலாம் என்று.

அவள் நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"அத்தத் தொடாதீங்கோ சார். அது அப்டியே இருக்கட்டும்."

போனை எடுத்து இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அவள் போன பிறகு உட்கார்ந்து எண்ணினேன். முன் பக்கத்தில் பத்தொன்பது, பின் பக்கத்தில் பன்னிரண்டு. முப்பத்தொரு டிட்டோவும் இப்போது எனக்குத்தான்.